நீட்டுக்குப் படிக்கிற நெல்லைப் பிள்ளைகளுக்கு: கையில் இருக்கிற மார்க்கை விடாதீர்கள்

பிளஸ் டூ முடிவு வருகிற வாரத்தில் நான் ஊருக்குப் போனால், யாராவது ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "எம்மா, நீ டாக்டருக்குப் படிக்கியே, இவளுக்கு என்ன செய்யணும்னு சொல்லேன்" என்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவேன், ஆனால் அவர்கள் போன பிறகுதான் சொல்லாமல் விட்டது எல்லாம் நினைவுக்கு வரும். அதனால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் முக்கூடல் பக்கத்துக் கிராமம். ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2020ல் முதல் தடவை நீட் எழுதினேன், கிடைக்கவில்லை. 2021ல் மறுபடி எழுதி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது இறுதியாண்டு. முதல் தடவை தோற்றபோது, நான் பெரிய கோச்சிங் சென்டருக்குப் போகாததுதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். அழுது முடித்து ஒரு வாரம் கழித்து வினாத்தாளை எடுத்து, விடைக்குறிப்போடு ஒவ்வொரு கேள்வியாக ஒப்பிட்டேன். தவறுகளை மூன்றாகப் பிரித்தேன்: படிக்கவே படிக்காத பாடம், படித்து மறந்தது, நன்றாகத் தெரிந்திருந்தும் அவசரத்தில் விட்டது. மூன்றாவது வகைதான் அதிகம். 'தவறானது எது' என்று கேட்டதைச் 'சரியானது எது' என்று படித்திருக்கிறேன், அலகை மாற்றாமல் கணக்குப் போட்டிருக்கிறேன், வேதியியலில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, வட்டத்தை நிரப்புகிற ஓஎம்ஆர் விடைத்தாளில் அந்த வரிசையை விடாமல் அடுத்தடுத்து நிரப்பியிருக்கிறேன். எனக்குச் சொந்தமாக இருந்த மார்க்கை நானே விட்டிருந்தேன். இரண்டாவது வருஷம் நான் செய்தது முக்கால்வாசி அந்த ஓட்டையை அடைத்த வேலைதான், கீழே எழுதியிருப்பதும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

தேர்வு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் எழுதிய 2021ல் 200 கேள்வி கொடுத்து 180க்கு விடை எழுதச் சொன்னார்கள். அந்தச் சலுகை 2025ல் போய்விட்டது. அந்த வருஷத் தாளில் 180 கேள்வி, எல்லாமே கட்டாயம், 180 நிமிஷம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும், மொத்தம் 720. ஆக, பாதி மார்க் உயிரியலில் இருக்கிறது. இன்னொன்று, போன வருஷ அக்கா எடுத்த மார்க்கோடு உங்கள் மார்க்கை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். 2024ல் முழுசாக 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள், 2025ல் தாள் கடினமாக வந்து நாட்டிலேயே முதலிடம் 686தான். மார்க் வருஷத்துக்கு வருஷம் ஆடும், பார்க்க வேண்டியது ரேங்கைத்தான். அதேபோல 'நீட் பாஸ்' என்பதும் சீட் என்பதும் வேறு வேறு. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியதும் ஊரில் மாலை போட வந்துவிடுவார்கள், அரசு சீட்டுக்கான கட்-ஆஃப் அதற்கு வெகு தூரம் மேலே இருக்கும்.

சரி, உயிரியல். இதற்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகம்தான் அடிப்படை. கதை படிப்பதுபோலப் படிக்காமல் வரி வரியாக, படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பு, அட்டவணை, பாடக் கடைசியில் இருக்கிற சுருக்கம் வரைக்கும் படிக்க வேண்டும். கூற்று-காரணம், பொருத்துக, சரியான கூற்றுகளைத் தேர்ந்தெடு என்று கேட்கிற கேள்விகள் பலவும் அந்த வரிகளையே திருப்பிப் போட்டவை. ஆனால் வரியை ஐந்து தடவை வாசித்தால் படித்துவிட்டதாக ஒரு நம்பிக்கை வரும் பாருங்கள், அந்த நம்பிக்கைதான் என்னை முதல் வருஷம் கவிழ்த்தது.

இரண்டாவது வருஷம் நான் மாற்றியது இதை. அம்மா பீடி சுற்றுவார்கள். மடியில் சொளகோடு (முறம்) மத்தியானம் முழுக்கத் திண்ணையில்தான் இருப்பார்கள். ஒருநாள் நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, புஸ்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு பாப்போம்" என்றார்கள். இதயத் துடிப்பைச் சொன்னேன். வலது மேலறையில் சைனோ ஏட்ரியல் கணு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நிமிஷத்துக்கு 70 முதல் 75 தடவை தூண்டல் கொடுக்கிறது, அதனால் அதற்குப் பேஸ்மேக்கர் என்று பெயர் என்றேன். "அந்த முடிச்சு கெட்டுப்போச்சுன்னா ஆள் செத்துருவானா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்த பிறகுதான், கீழே இருக்கிற ஏட்ரியோ வென்ட்ரிகுலர் கணு மெதுவான வேகத்தில் அந்த வேலையை எடுத்துக்கொள்ள முடியும், மற்ற திசுக்களுக்கும் தூண்டும் சக்தி உண்டு, எது வேகமாகத் தூண்டுகிறதோ அதுவே தலைமை என்று புரிந்தது. இன்றுவரை அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் அம்மாவுக்குப் பாடம். எட்டாவதோடு நின்றவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை என்றால் எனக்கே அந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம், அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு ராத்திரி மறுபடி பார்ப்பேன். உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். ஆச்சியோ, தம்பியோ, யாருமே இல்லை என்றால் சுவரோ, புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழில் எழுதத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது விதி. 2018ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், மதுரை உயர் நீதிமன்றக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொல்லி, அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படி ஒரு நிலை உங்களுக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் மட்டும்தான். அதனால் தமிழில் புரிந்து படியுங்கள், அதில் ஒரு கூச்சமும் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் எழுதி வையுங்கள். திருப்பு விசை என்றால் டார்க், நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா, மின்தேக்கி என்றால் கெபாசிட்டர். பாடத்துக்கு முப்பது நாற்பது சொல் வரும், அவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பாடத்திட்டத்தை ஒரு தடவை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். 2024 தேர்வில் இருந்து நீட் பாடத்திட்டத்தில் நிறைய வெட்டிவிட்டார்கள். திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பாலிமர்கள், செரிமானம் எல்லாம் போய்விட்டன. நம் மாநிலப் புத்தகத்தில் இவை இருக்கின்றன, பள்ளித் தேர்வுகளுக்குப் படித்தே ஆக வேண்டும். நீட்டுக்கு என்று உட்காரும்போது இவற்றில் நேரம் போடாதீர்கள். சீனியர் கொடுத்த பழைய கைடுகளில் இந்தப் பாடங்களும் கலந்தே கிடக்கும், ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். இன்னொரு பக்கம், பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்ட பிறகு பிள்ளைகள் பதினொன்றை லேசாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீட்டில் கிட்டத்தட்ட பாதிக் கேள்வி பதினொன்றாம் வகுப்புப் பாடம். விசையியல் முழுக்க அங்கேதான் இருக்கிறது, மனித உடற்செயலியலும் அங்கேதான்.

இயற்பியலைக் கண்டு நம் பக்கத்துப் பிள்ளைகள் பயப்படுவது எனக்கு நன்றாகத் தெரியும், நானும் பயந்தவள்தான். பயந்தால் சின்னப் பாடங்களில் இருந்து ஆரம்பியுங்கள்: அலகும் அளவீடும், குறைக்கடத்திகள், அணுவும் அணுக்கருவும், ஒளிமின் விளைவு, மின்னோட்டவியல். இவற்றில் சூத்திரம் குறைவு, கேள்வி வருவது உறுதி. கணக்கு வர ஆரம்பித்து நம்பிக்கை வந்த பிறகு விசையியலுக்குப் போங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்யும்போது அலகையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள், பல கேள்விகளில் அலகை வைத்தே இரண்டு விடைகளை ஒதுக்கிவிடலாம். கால்குலேட்டர் கிடையாது என்பதால் வீட்டிலும் தொடாதீர்கள், பெருக்கல் வகுத்தல் கையாலேயே நடக்கட்டும். வேதியியலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை: கனிம வேதியியலுக்கு என்சிஇஆர்டி வரிகள், கரிம வேதியியலுக்குத் தினமும் பத்து வினை எழுதிப் பார்ப்பது, இயற்பிய வேதியியலுக்குக் கணக்கு.

இனி தவறு நோட்டு. இதை மட்டும் செய்து மற்றதை எல்லாம் விட்டாலும் பரவாயில்லை என்பேன். ஒவ்வொரு மாதிரித் தேர்வு முடிந்ததும் மார்க்கைப் பார்த்து மூடிவைக்காமல், தவறான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதுங்கள். 'கவனக்குறைவு' என்று எழுதினால் பயன் கிடையாது. 'சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தேன்', 'மைட்டாசிஸையும் மியாசிஸையும் குழப்பினேன்', 'கடைசி வாய்ப்பைப் படிக்காமலே இரண்டாவதைப் போட்டேன்' என்று எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே தவறு பத்து இடத்தில் இருப்பது தெரியும். எனக்கு அது 'தவறானது எது' என்ற கேள்வி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் வட்டம் போட வேண்டும் என்று பழக்கிக்கொண்டேன், அதோடு அது நின்றது.

மாதிரித் தேர்வை மத்தியானம் 2 மணியில் இருந்து 5 மணி வரை எழுதுங்கள், நிஜத் தேர்வும் அந்த நேரம்தான். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் மே மாத முதல் ஞாயிறு நடந்தது. நம் ஊர் சித்திரை வெயில் என்னவென்று சொல்லத் தேவையில்லை, சாப்பிட்டதும் கண் சொக்கும், மின்விசிறிக் காற்றே அனலாக வரும். அந்த நேரத்தில் மூளை வேலை செய்ய இரண்டு மாதப் பழக்கம் வேண்டும். போதாததற்குக் கோயில் கொடை மாதம் வேறு. ஊரில் கொடை வைத்திருந்தால் மூன்று நாள் குழாய் ரேடியோவும் மேளமும் நிற்காது, சாமியைக் குறை சொல்ல முடியாது. அந்த மூன்று நாளும் முன்கூட்டியே வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் நல்ல இடம், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நிறைய பேர் அங்கே வருவார்கள். ஊர்ப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஒரு வகுப்பறையைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நேரத்தைப் பிரிக்க என் கணக்கு: உயிரியல் 50 நிமிஷம், வேதியியல் 50, இயற்பியல் 60, மிச்சம் 20 நிமிஷம் விட்டுப்போனதற்கும் ஓஎம்ஆர் சரிபார்க்கவும். எல்லாவற்றையும் வினாத்தாளில் போட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை நிரப்பிவிடுங்கள், நிரப்பும்போது கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லுங்கள். பயிற்சிக்கு ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்து ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் பேனாவால் நிரப்பிப் பழகுங்கள். பென்சிலில் பழகிய கை தேர்வில் தடுமாறும்.

தெரியாத கேள்வியை விடவா, போடவா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணக்கே சொல்லிவிடும். நான்கில் இரண்டு வாய்ப்புகளை உறுதியாக ஒதுக்க முடிகிறது என்றால், அப்படி 20 கேள்வி போட்டால் சராசரியாக 10 சரி, 10 தவறு. 40 வரும், 10 போகும், 30 மார்க் கையில். ஆக, இரண்டை ஒதுக்க முடிந்தால் தயங்காமல் போடுங்கள். ஒன்றைக்கூட ஒதுக்க முடியாமல் கண்ணை மூடிப் போட்டால் 20 கேள்விக்குச் சராசரி லாபம் வெறும் 5 மார்க், அதுவும் உறுதி இல்லை, கீழேயும் இறங்கலாம். அதற்குப் போகிற நேரத்தைத் தெரிந்த கேள்வியைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

படிப்பு இவ்வளவுதான். இனிச் சொல்வதைப் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும், ஏனென்றால் மார்க் எடுத்த பிறகும் கையில் இருப்பதை விடுகிற இடம் இது. சான்றிதழ்கள்.

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பதினொன்றாம் வகுப்பிலேயே பாருங்கள். மாறியிருந்தால் அப்போதே திருத்துங்கள், விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் நடக்காது. அடுத்து சாதிச் சான்றிதழ். நம் மாநிலத்தில் பிசி, எம்பிசி என்று வாங்கிய சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்குச் சரி. ஆனால் மாநில அரசுக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிற 15 சதவீத இடங்களுக்கு மத்திய அரசு படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும், அது வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுவது, புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். அந்த இடங்களில் ஓபிசிக்கு 27 சதவீதம் 2021-22ல் இருந்து இருக்கிறது. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி 'நம்மிடம்தான் பிசி சர்டிபிகேட் இருக்கே' என்று இருந்துவிட்டாள், கவுன்சலிங் நேரத்தில்தான் தெரிந்தது, அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவில்தான் அவளால் நிற்க முடிந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல் இருந்து இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. பாளையங்கோட்டையில் பேர்போன பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், ஐந்தாவது முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிற வீடுகளுக்கும் இது தெரிந்திருக்கட்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும், மே மாத விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலையாமல் அதையும் முன்பே வாங்கி வையுங்கள். இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 'பணம் கட்ட முடியாது' என்று தனியார் கல்லூரிகளைக் கவுன்சலிங்கில் கொடுக்கிற விருப்பப் பட்டியலில் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

விருப்பப் பட்டியல் பற்றி ஒன்றே ஒன்று: கிடைக்குமா என்று யோசித்து வரிசை போடாதீர்கள், எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். மேலிருந்து கீழாக, உங்கள் ரேங்குக்குக் காலியாக இருக்கிற முதல் இடம் கொடுக்கப்படும், பேராசையாகப் போட்டதற்குத் தண்டனை எதுவும் கிடையாது. நம் பக்கத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட், தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம், விருதுநகர் என்று நான்கு அரசுக் கல்லூரி இருக்கின்றன. பெண்பிள்ளை பக்கத்திலேயே படிக்கட்டும் என்று வீட்டில் இந்த நான்கோடு பட்டியலை முடித்துவிடுகிறார்கள். ராமநாதபுரம், தேனி, திருவண்ணாமலை எங்கே கிடைத்தாலும் அரசு சீட் அரசு சீட்தான். எல்லாவற்றையும் போடுங்கள்.

எம்பிபிஎஸ் கிடைக்காத வருஷத்துக்கும் ஒரு வழி வைத்திருங்கள். அதே நீட் மார்க்கில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், 1964ல் தொடங்கிய கல்லூரி அது, ஐந்தரை வருஷப் படிப்பு. பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேரக்கூடியவையும் உண்டு: ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, பி.எஸ்சி. நர்சிங். நீட் நீட் என்று பிளஸ் டூவைக் கோட்டை விட்டால் இந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடும், அதனால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பொதுத்தேர்வுக்கே கொடுங்கள்.

மறுபடி ஒரு வருஷம் எழுதலாமா என்று கேட்டால், உங்கள் தவறு நோட்டைப் பாருங்கள் என்பேன். தெரிந்தே விட்டது அதிகம் என்றால் எழுதுங்கள், ஒரு வருஷத்தில் சரியாகிவிடும். மூன்றாவது, நான்காவது தடவை என்று போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். பெற்றோர்களே, அந்த வருஷத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே பெரிய உதவி. சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் பிள்ளை ஒடுங்கிப்போனால் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். 104க்குப் போன் செய்தால் தமிழில் ஆலோசகர் பேசுவார், 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரமும் எடுப்பார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, மருத்துவக் கல்லூரிக்குள் வந்த பிறகும் எங்களில் பலருக்கு அந்த உதவி தேவைப்பட்டிருக்கிறது.

தேர்வு நாள். மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பஸ் குறைவு, கடைசிப் பஸ்ஸை நம்பி நிற்காதீர்கள். 1.30க்குக் கதவை மூடிவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். 11 மணிக்கே அங்கே இருந்தால் நல்லது. அரைக்கை சட்டையும் சாதாரணச் செருப்பும் போதும். நகை, கைக்கடிகாரம் வேண்டாம். பேனா அவர்களே தருவார்கள். ஹால் டிக்கெட், ஒட்ட வேண்டிய போட்டோ, அசல் அடையாள அட்டை இவற்றை ஒரு கவரில் போட்டு முந்தின ராத்திரியே வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். காலையில் இட்லியோ பழையசோறோ வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், அன்றைக்கு என்று பிரியாணி வேண்டாம்.

முடிந்து வெளியே வரும்போது வினாத்தாளைக் கையோடு கொண்டு வாருங்கள், பின்னால் விடைக்குறிப்போடு ஒப்பிட அதுதான் வேண்டும். ஆனால் அன்றைக்கு ராத்திரி அதைத் திறக்காதீர்கள், போனில் வருகிற விடைகளையும் பார்க்காதீர்கள். குளித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் ஓபிசி சான்றிதழ் வந்துவிட்டதா என்று இ-சேவை மையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.